மிச்சத் தண்ணீர்

காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டால் எட்டு மணி வரை அந்தத் தகரக் கொட்டகைக்குள் யார் பேசினாலும் கேட்காது. பெரியவளுக்கு அது ஒரு வசதி. கேனைக் கழுவிக்கொண்டே யாரை வேண்டுமானாலும் வாய்விட்டுத் திட்டலாம், மோட்டார் விழுங்கிவிடும். ஒன்பது வருஷமாக அவள் மாமியாரோடு சண்டை போடுவது அந்த இரண்டு மணி நேரத்தில்தான். மாமியாருக்கு இன்றுவரை அது தெரியாது.

அது தண்ணீர் கேன் விற்கிற வீடு. மூத்த மகன் வண்டி ஓட்டிக் கடை கடையாகக் கேன் இறக்குவான். இளையவன் மெஷினைப் பார்த்துக்கொள்வான். மூத்தவனின் மனைவிதான் பெரியவள். திரும்பி வரும் கேன்களைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, நீளக் காம்பு பிரஷை உள்ளே விட்டுச் சுழற்றி, அலசிக் கவிழ்ப்பது அவள் பாடு. ஒரு நாளைக்கு நூற்றிருபது கேன். இளையவனின் மனைவி சின்னவள். அவள் போனில் ஆர்டர் எழுதுவாள், கேன் மூடிக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டுச் சூடு காட்டுவாள். கர்ப்பமான பிறகு அதுவும் இல்லை.

மெஷினிலிருந்து இரண்டு குழாய்கள் வெளியே வரும். நீலக் குழாயில் வருவது கேனுக்கு. சாம்பல் குழாயில் வருவது, மெஷின் வேண்டாமென்று வெளியே தள்ளுகிற தண்ணீர். மற்ற கம்பெனிக்காரர்கள் அதைச் சாக்கடையில் விடுவார்கள். இந்த வீட்டில் அதற்கு மிச்சத் தண்ணீர் என்று பெயர். அது மாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து குளியலறைக்கும் சமையலறைக்கும் இறங்கும். குளிப்பது, துவைப்பது, சமைப்பது, குடிப்பது எல்லாம் அதில்தான்.

இந்தச் சட்டம் மாமியார் போட்டது, மருமகள்கள் இருவருக்கும் அத்தை. அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது மெஷினை இறக்கிய முதல் வாரமே போட்டுவிட்டாள். "விக்கிற பொருள்ல வீட்டுக்காரன் வாய் வச்சா வியாபாரம் வெளங்குமா? மிச்சத் தண்ணின்னா என்ன, சாக்கடையா? அதுவும் மெஷினுக்குள்ள ஒரு தடவை போயிட்டு வந்ததுதானே! பாதியாவது சுத்தமாயிருக்காதா?"

கேட்டால் நியாயம் போலத்தான் இருந்தது. யாரும் மறுத்துப் பேசவில்லை. பேசினால் மட்டும் என்ன? அத்தைக்குக் கழுத்து திரும்பாது. முட்டியும் மடங்காது, முதுகும் வளையாது. ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு சேர்ந்து அலமாரி மாதிரித் திரும்புவாள். பிடிவாதம் எலும்புவரைக்கும் இறங்கிவிட்டது என்று மூத்தவன் சிரிப்பான், அவள் காதில் விழாத தூரத்தில்.

சின்னவளுக்கு மூன்று மாதம் முடிந்த அன்று அத்தை சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"பெரியவளே, இன்னையிலேருந்து அவளுக்குப் பச்சைத் தண்ணி கொடுக்காதே. ஒரு சொம்பு வச்சா அரைச் சொம்பா சுண்டணும். அப்பத்தான் சத்து நிக்கும், கிருமி சாகும்."

"கேஸ் தீர்ந்துடும் அத்தை."

"தீர்ந்தா தீரட்டும். உனக்கும்தானே நான் காய்ச்சிக் கொடுத்தேன்? அப்ப என் முட்டி நல்லா இருந்துச்சு. ஒன்பது மாசமும் அடுப்புப் பக்கத்துலயே நின்னேன். என்ன பண்றது, நான் காய்ச்சினது தண்ணியை. வயிறு உன்னோடதாச்சே."

அந்தக் கடைசி வார்த்தைக்குப் பொருள் கூடத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. பெரியவளின் மகள். எட்டு வயது. இரண்டாம் வகுப்பில் இரண்டாம் வருஷம். அத்தை வைத்த பெயர் ஆமை. பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தையே சட்டென்று திரும்பிப் பார்ப்பதில்லை. முன்பல் இரண்டிலும் டீக்கறை போலப் பழுப்புப் பட்டை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பெரியவள் உப்பு வைத்துத் தேய்த்திருக்கிறாள், கரி வைத்துத் தேய்த்திருக்கிறாள். ஈறில் ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

"ஏ ஆமை, ஏழும் அஞ்சும் எத்தனை?" என்றாள் அத்தை.

குழந்தை ரொட்டியைக் கீழே வைத்தது. ஒரு கையை விரித்தது. இன்னொரு கையையும் விரித்தது. விரல் போதாமல் அம்மாவைப் பார்த்தது.

"கிளம்பிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள வந்து சேரும்," என்றாள் அத்தை.

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கெட்ட பெண் என்று சொல்லிவிட முடியாது. இருபத்துமூன்று வயது. வந்த வீட்டில் யார் பக்கம் நின்றால் வெயில் படாது என்று பார்த்து அந்தப் பக்கம் நிற்கத் தெரிந்தவள், அவ்வளவுதான்.

"எங்க பரம்பரையில மந்தம்னு ஒண்ணு பொறந்ததே இல்ல," என்றாள் அத்தை. "இது அவ வீட்டுலேருந்து வந்தது."

மூத்தவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவன் அந்த வீட்டில் பேச்சு வளரும்போதெல்லாம் சாவியை எடுப்பான். முதல் இரண்டு வருஷம் அவன் பெண்ணுக்காக அம்மாவோடு மல்லுக்கு நின்றவன்தான். அப்புறம் ஒருநாள் படுக்கையில் மெல்லக் கேட்டான், "உங்க வீட்டுல யாருக்காவது முன்னாடி இப்படி இருந்துச்சா?" அன்றைக்கே பெரியவளுக்குள் ஏதோ ஒன்று கேன் மூடி மாதிரி இறுகிப்போனது.

நாலாம் மாதச் சோதனைக்குப் பெரியவள்தான் சின்னவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். பள்ளி விடுமுறை என்பதால் குழந்தையும் கூட வந்தது. போன தடவையே அங்கிருந்த ரத்தம் சோதிக்கிற அம்மா, சமையலறைக் குழாயிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வரச் சொல்லியிருந்தாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கர்ப்பமான பெண்கள் எல்லோர் வீட்டுத் தண்ணீரையும் பார்க்கிறார்களாம். பெரியவள் ஒரு வாரத்துக்கு முன்பே பிடித்துக் கொடுத்துவிட்டாள். இளையவன் லைசென்சுக்கு நீலக் குழாயில் பிடித்து அனுப்புவான். அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் தோன்றவில்லை. சமையலறைக் குழாய் என்றார்கள், சமையலறைக் குழாயில் பிடித்தாள்.

ரத்தம் எடுத்ததும் சின்னவளுக்குத் தலை சுற்றிவிட்டது. பெஞ்சில் படுக்க வைத்தார்கள். ரத்தம் சோதிக்கிற அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெரியவளை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். ஐம்பது வயதிருக்கும். ஒரு கையில் டீ, ஒரு கையில் சீட்டு.

"இது உங்க வீட்டுக் குடிதண்ணியா?"

"ஆமாம்மா."

"கேன் கம்பெனி வச்சிருக்கீங்கன்னு எழுதியிருக்கு? கேன் தண்ணி குடிக்கிறதில்லையா?"

பெரியவள் மிச்சத் தண்ணீர் கதையைச் சொன்னாள். அந்த அம்மா டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"யம்மா! மெஷின் எதைத் துப்புதோ அதையா குடிக்கிறீங்க? பாறைக்கடியில இருந்து வர்ற தண்ணியில புளோரைடுன்னு ஒரு உப்பு இருக்கும். ஒன்றரைக்கு மேல போகக் கூடாது. உங்க பாட்டில்ல ஏழு. மெஷின் நல்லதை இந்தப் பக்கம் அனுப்பிட்டு, உப்பை எல்லாம் திரட்டி அந்தப் பக்கம் தள்ளும். பாதி சுத்தம் இல்லம்மா, ரெண்டு மடங்கு அழுக்கு."

"நாங்க காய்ச்சித்தான் கொடுக்கறோம். பாதிக்குப் பாதி சுண்ட வச்சு."

அந்த அம்மா நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள்.

"கொதிக்க வச்சா கிருமி சாகும். உப்பு சாகுமா? தண்ணிதான் ஆவியாப் போகும், உப்பு அடியில நிக்கும். ஏழு பதினாலாகும். அதை மாசமா இருக்கறவளுக்கு..." அவள் பெஞ்சுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "தாய் குடிச்சா நஞ்சுக்கொடி வழியா பிள்ளைக்கும் போயிடும். பல கெட்டதை அது தடுத்துடும், இதைத் தடுக்கறதில்ல. மூளை உருவாகற நேரம் பாரு. இந்த மாதிரித் தண்ணி குடிச்சுப் பெத்த பிள்ளைங்க படிப்புல, பேச்சுல பின்தங்குதுன்னு பல இடத்துல பார்த்திருக்காங்க. எல்லாப் பிள்ளைக்கும் ஆகும்னு சொல்ல மாட்டேன். ஆகாதுன்னும் சொல்ல மாட்டேன்."

பெரியவளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தையிடம் அவள் குனிந்தாள்.

"எங்க, சிரி பார்க்கலாம்."

குழந்தை வாயை மூடிக்கொண்டு சிரித்தது. வீட்டில் பழக்கப்பட்ட சிரிப்பு.

"பல்லைக் காட்டிச் சிரி, தங்கம்." பார்த்தாள். நிமிர்ந்தாள். குரல் தணிந்தது. "இவ வயித்துல இருக்கும்போதும் இதே தண்ணிதானா?"

"இதே தண்ணி."

"காய்ச்சியா?"

"ஒன்பது மாசமும்."

"பொறந்த பிறகும் அதையே குடிச்சு வளர்ந்திருக்கா, அது பல்லுல தெரியுது. மத்தது எதனாலன்னு ஒரு பிள்ளையைப் பார்த்து யாராலும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா உன் மேல எந்தத் தப்பும் இருக்கற மாதிரி எனக்குத் தெரியல." சீட்டில் எண்ணை எழுதிக் கையில் கொடுத்தாள். "அந்தப் பொண்ணு ஏற்கனவே பயந்து கிடக்கா. நான் இப்பச் சொன்னா இங்கயே மயங்கி விழுவா. வீட்டுக்குப் போய்ப் பதமா சொல்லு. இன்னைக்கே கேன் தண்ணிக்கு மாத்திடுங்க. இன்னைக்கே, கேட்டியா?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது பெரியவள் அழுதாள். ஜன்னல் காற்றில் தூசி என்று சொல்லிக்கொண்டாள். எட்டு வருஷமாக அவள் தன் தாயை நினைத்திருக்கிறாள், தாயின் தங்கையை நினைத்திருக்கிறாள், யாருக்கு நாக்கு குழறியது, யார் கணக்கில் தோற்றார்கள் என்று செத்தவர்களைக்கூட விட்டுவைக்காமல் சந்தேகப்பட்டிருக்கிறாள். எல்லாம் ஒரு சொம்புத் தண்ணீரா? சின்னவள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பெரியவள் தோளை அசைக்கவில்லை. வீட்டுக்குள் கால் வைத்ததும் முதல் வேலை இதைச் சொல்வதுதான் என்று நினைத்துக்கொண்டாள். உண்மையாகவே நினைத்தாள்.

வீட்டில் அத்தை கஞ்சி ஊற்றி வைத்திருந்தாள். வரிசையாக ஐந்து தட்டு. குழந்தையின் தட்டு மட்டும் தனியாக ஓர் ஓரத்தில் இருந்தது.

"அது தட்டைக் கொட்டகைக்கு எடுத்துட்டுப் போ," என்றாள் அத்தை. "இன்னையிலேருந்து அது அங்க சாப்பிடட்டும். மாசமா இருக்கறவ எதைப் பார்த்துக்கிட்டே இருக்காளோ அது மாதிரிதான் பிள்ளை பொறக்கும். பிரசவம் வரைக்கும் இவ கண்ணுல அந்தப் பல்லு படக் கூடாது."

"அத்தை, அவ குழந்தை..."

"ஒண்ணு போதும் இந்த வீட்டுக்கு."

பெரியவள் புருஷனைப் பார்த்தாள். அவன் கஞ்சியை ஊதிக்கொண்டிருந்தான். சின்னவளைப் பார்த்தாள். தோளில் சாய்ந்து தூங்கியவள்தானே, ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா?

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள், "கொஞ்ச நாளைக்குத்தானேக்கா. எனக்கும் பயமா இருக்கு."

பெரியவள் தட்டை எடுத்தாள். குழந்தை கேள்வி கேட்காமல் பின்னால் நடந்தது. கொட்டகையில் கவிழ்த்து வைத்த ஒரு கேன் மேல் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தது. அதற்குப் புது இடம் பிடித்திருந்தது போல. அதைத்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை.

ரவிக்கைக்குள்ளிருந்து சீட்டை எடுத்தாள். சோப்புத் தொட்டியில் போட்டாள். மை கரைந்து, ஏழு என்ற எண் நீலமாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாய் முணுமுணுத்தது. மனசு வேறொன்று சொன்னது: பொறக்கட்டும். அவளுக்கும் இதே மாதிரி ஒண்ணு பொறக்கட்டும். அப்புறம் பார்க்கலாம் யார் வீட்டு ரத்தம் என்று.

அன்று மாலையே குழந்தையின் தண்ணீர் பாட்டிலை நீலக் குழாயில் பிடித்துக் கொடுத்தாள். கஞ்சிக்கும் பாலுக்கும் தனியாக ஒரு சின்னக் குடத்தில் நல்ல தண்ணீர் எடுத்து வந்து மறைத்து வைத்தாள். தன் பிள்ளைக்கு இனி ஒரு சொட்டு மிச்சத் தண்ணீர் கிடையாது. மறுநாள் காலை வழக்கம்போல ஒரு சொம்பை அடுப்பில் ஏற்றினாள்.

தண்ணீர் சுண்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் அடியில் கடுகு போலக் குமிழி. அப்புறம் சளசளவென்று ஒரு சத்தம். அப்புறம் பாத்திரத்தின் ஓரத்தில், தண்ணீர் இறங்க இறங்க, சுண்ணாம்பு பூசினது போல ஒரு வெள்ளைக் கோடு. முன்பெல்லாம் அந்தக் கோட்டைத் தேய்த்துக் கழுவ அலுத்துக்கொள்வாள். இப்போது அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். டம்ளரில் ஊற்றி, ஆற்றி, வெதுவெதுப்பு பார்த்துத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். அத்தைக்கே ஆச்சரியம்.

"பரவாயில்லையே. நான் சொல்லாமலே செய்யறியே."

"நீங்க எனக்குச் செஞ்சதுதானே அத்தை," என்றாள் பெரியவள்.

ஐந்தாம் மாதச் சோதனைக்குத் தன்னால் வர முடியாது, கேன் குவிந்து கிடக்கிறது என்று சொல்லிவிட்டாள். ரத்தம் சோதிக்கிற அம்மாவின் முகத்தில் விழிக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. சின்னவளை அவள் புருஷனே பைக்கில் கூட்டிப்போனான். திரும்பி வரும்வரை பெரியவள் வாசலைப் பார்த்துப் பார்த்தே கேன் கழுவினாள். இரண்டு கேன் நழுவி விழுந்து விளிம்பு நசுங்கியது.

வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சின்னவள் நேராகக் கொட்டகைக்கு வந்தாள். ஈரத்தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, பெரியவளின் எதிரில் நின்று, முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் பெரியவள். பிரஷ் கேனுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"எல்லாம் நல்லா இருக்காம்." பிறகு சிரித்தாள். "அக்கா, ஒண்ணு கேட்பேன், திட்டக் கூடாது. குழந்தையை இங்க தனியா உக்கார வைக்காதீங்க. பாவமா இருக்கு. என் ரூமுக்கு அனுப்புங்க. காலையில எனக்கும் பேச்சுத் துணை வேணும்."

"அத்தை விட மாட்டாங்க."

"அத்தையை நான் பார்த்துக்கறேன். அப்புறம் அந்தத் தண்ணியையும் ரூமுக்கே கொண்டுவந்து வச்சுடுங்கக்கா. கூடத்துல எல்லார் முன்னாடியும் குடிச்சா குமட்டுது. மெதுவா குடிச்சுக்கறேன்."

அவள் சொன்னபடியே செய்தாள். "பழகப் பழகப் பயம் போயிடுச்சு அத்தை" என்று கொஞ்சி, மாமியாரை ஒரே நாளில் கரைத்துவிட்டாள். மறுநாளிலிருந்து, பெரியவள் டம்ளரோடு போனால் அந்த அறையில் குழந்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். சின்னவள் அதற்குத் தலை வாரிக்கொண்டிருப்பாள். ஆமை என்ற வார்த்தை அவள் வாயில் இல்லை. கண்ணு என்பாள், ராசாத்தி என்பாள். குழந்தை வெளியே வரும்போது உதட்டோரம் பிஸ்கட் தூள் ஒட்டியிருக்கும்.

கட்டிலுக்குப் பின்னால் பழைய போர்வை போர்த்திய ஒரு கேன் நிற்பதையும் பெரியவள் பார்த்தாள். கேட்டதற்கு, முகம் கழுவ அவர் கொண்டுவந்து வைத்தார், எழுந்து போக முடியவில்லை என்றாள் சின்னவள். அத்தையின் சட்டத்தை மீறி முகம் கழுவ மட்டும் நல்ல தண்ணீர்! குடிக்க மிச்சத் தண்ணீர்! பெரியவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

வெயில் ஏறியது. கேன் கேட்டுக் காலையிலிருந்தே போன் அடித்தது. நூற்றிருபது நூற்றைம்பதானது. சோப்பில் ஊறிய கை வெடித்து, நகக்கண்ணில் எரிந்தது. மோட்டார் சத்தத்தில் அவள் இப்போது மாமியாரைத் திட்டவில்லை. கணக்குப் போட்டாள். ஆறு முடிந்தது. இன்னும் மூன்று. மூளை எந்த மாதத்தில் முடிகிறது? ரத்தம் சோதிக்கிற அம்மா அதைச் சொல்லவில்லையே.

ஏழாம் மாதம் குழந்தைக்கு அடிக்கடி வயிற்று வலி வந்தது. வெயில் சூடு என்றான் புருஷன். "பல்லெல்லாம் வேற புதுசா முளைக்குதே, அதுவா இருக்கும்," என்றாள் சின்னவள், குழந்தையின் வயிற்றைத் தடவிக்கொடுத்துக்கொண்டே. பெரியவள் பாட்டில் தண்ணீரை இன்னும் ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். நீலக் குழாய்த் தண்ணீர்தான். சந்தேகமே இல்லை.

எட்டாம் மாதத்தில் ஒரு காலை. பெரியவள் டம்ளரைக் கொண்டுபோய் அறை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, இங்க வாங்களேன்." சின்னவள் அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். வெடித்த விரல்களுக்கடியில் ஏதோ ஒன்று குதிகாலால் தள்ளியது. தள்ளிவிட்டு, யாரது என்று கேட்பது போல மறுபடியும் தள்ளியது.

பக்கத்தில் குழந்தை சீவி முடித்த தலையோடு உட்கார்ந்திருந்தது. "அம்மா, தம்பி ஒதைக்குது," என்றது, பல் முழுக்கத் தெரியச் சிரித்தபடி. இந்த அறையில் மட்டும்தான் அது அப்படிச் சிரிக்கிறது என்று பெரியவளுக்குத் தோன்றியது. தன் பிள்ளைக்குச் சிரிக்க ஓர் இடம் கொடுத்தவளுக்குத் தான் என்ன கொடுத்துக்கொண்டிருக்கிறோம்?

தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சின்னவளே, நான் பாவி. என்னை என்ன வேணும்னாலும் செய். நீ குடிக்கிற தண்ணி..." மேஜைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "அந்த ரத்தம் சோதிக்கிற அம்மா நாலாம் மாசமே என்கிட்டச் சொன்னாங்க. மிச்சத் தண்ணி விஷமாம். காய்ச்சினா இன்னும் மோசமாம். பிள்ளைக்குப் போகுமாம், மூளைக்கு ஆகாதாம். உன்கிட்டச் சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லல. வேணும்னேதான் சொல்லல. தினமும் என் கையாலேயே..."

சின்னவள் கையை உருவிக்கொள்ளவில்லை. குழந்தையின் தலையில் ஒதுங்கிய ஒரு முடியைச் சரிசெய்தாள். அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை. வெகுநாளாக எதிர்பார்த்த கேன் வண்டி வாசலில் வந்து நின்றது போல ஒரு நிம்மதி.

"எனக்குத் தெரியும்க்கா."

"என்ன?"

"அஞ்சாம் மாசம் நீங்க வரலையே, அன்னைக்கே தெரியும். அந்தம்மா எடுத்த உடனே கேட்டாங்க, 'உங்க ஓரகத்திகிட்டச் சொன்னேனே, தண்ணியை மாத்திட்டீங்களா?'ன்னு." சின்னவள் சிரித்தாள். "எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் புரிஞ்சுது. வந்து உங்க முகத்தைப் பார்த்தேன். சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க என்ன சொன்னாங்கன்னு என்னையே கேட்டீங்க."

மேஜைப் பக்கம் ஏதோ சத்தம். இரண்டு பேரும் திரும்பவில்லை.

"மறுநாளும் டம்ளரோட வந்தீங்க. சரி, இன்னைக்குச் சொல்லுவாங்கன்னு பார்த்தேன். அதுக்கு மறுநாளும் வந்தீங்க. ஆத்தி வேற கொடுத்தீங்கக்கா, சூடு பார்த்து."

"அப்போ நீ குடிக்கலையா?" பெரியவளுக்கு ஒரு நிமிஷம் உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. அந்தப் போர்வை போர்த்திய கேன் இப்போது விளங்கியது. "கடவுளே, நீ குடிக்கவே இல்லையா?"

"பைத்தியமா நான்? அன்னைக்கே அவர் கேன் கொண்டுவந்து வச்சுட்டார். அத்தைகிட்டச் சொல்ல வேணாம்னார். இந்த வீட்டுத் தண்ணியிலேயே விஷம்னு வெளியே போனா நம்மகிட்டக் கேன் யார் வாங்குவாங்க?"

"நல்லவேளை. நல்லவேளை, தாயே." பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கை பாதியில் நின்றது. "ஆனா டம்ளர் தினமும் காலியாத்தானே வந்துச்சு? இந்த ரூம்ல தண்ணி ஊத்த இடமே இல்லையே. ஜன்னலுக்கு வெளியே அத்தை உக்கார்ந்திருப்பாங்க. எங்கடி ஊத்தின?"

சின்னவள் தலைவாரும் சீப்பில் சுற்றியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி ஊத்தின?"

"அதுக்கு ஏற்கனவே போன பல்லுதானேக்கா," என்றாள் சின்னவள் மெதுவாக. "இனிமே புதுசா என்ன போயிடப் போகுது? நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேன். சத்தியமா நிறுத்தியிருப்பேன். உங்க கையில இருந்துச்சுக்கா."

பெரியவள் திரும்பினாள்.

குழந்தை மேஜையருகில் நின்றுகொண்டிருந்தது. அதன் கையில் டம்ளர். எவர்சில்வர் விளிம்புக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. கடைசி மடக்கை விழுங்கிவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டது. அம்மா தன்னையே பார்ப்பதைக் கண்டதும் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் பொத்திவைத்த ஒன்றை இனிச் சொல்லலாம் போலிருக்கிறதே என்ற மலர்ச்சி.

"நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லம்மா," என்றது. "ரகசியம்னு சித்தி சொன்னாங்க. தினமும் ஒண்ணு. குடிச்சா ரெண்டு பிஸ்கட். பாட்டி எனக்கு எதுவுமே ஞாபகம் இருக்காதுன்னாங்கல்ல? நான் இதை ஒருநாள்கூட மறக்கல."

சொல்லிவிட்டு, குடித்ததற்குச் சாட்சியாக எப்போதும் சித்தியிடம் காட்டுவது போல, டம்ளரை அம்மாவின் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டியது.

ஒரு சொட்டுக்கூட விழவில்லை.